முப்பத்திரண்டு வருடப் பேஸ்போல் கோபம்

அன்புத் தங்கை வதனாவுக்கு,

ஸ்காபரோவிலிருந்து உன் அக்கா மங்கையற்கரசி எழுதுவது. பாரிசில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உன் முழங்கால் வலி என்னுடையதைவிடச் சீக்கிரம் குறையவும் பிள்ளையாரை வேண்டுகிறேன். போனில் சொல்லக்கூடிய விசயந்தான். ஆனால் நான் போன் எடுத்தால் உன் அத்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் திருத்துவார். அதனால்தான் கடிதம்.

நான் கனடாவில் வந்து இறங்கிய அந்த ஆவணி உனக்கு நினைவிருக்கும். என்னை முதன்முதலாக வெளியே கூட்டிப்போக அத்தான் பேஸ்போல் ஆட்டத்துக்கு ரிக்கற் எடுத்து வைத்திருந்தார். நான் சேலையை மடிப்புக் குலையாமல் அயர்ன் பண்ணி வைத்துக் காத்திருக்க, விளையாட்டு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டுமென்று முதலாளிமார் நிற்க, முடியாதென்று வீரர்கள் நிற்க, அந்த வருடம் இறுதித் தொடர்கூட நடக்கவில்லை. "எங்களை மதிக்காத உவங்கட வாசலை இனி மிதியன்" என்று இவர் சபதம் எடுத்தார். அடுத்த சித்திரையில் அவர்கள் சமாதானமாகி விளையாட வந்தார்கள். இவர் சமாதானமாகவில்லை. இவரைப்போலக் கோபித்தவர்கள் ஏராளம். கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. வீரர்கள் வேலிக்கரையில் நின்று பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆட்களைத் திரும்ப இழுத்தார்கள். பிறகு பணக்கார அணிகள் வருமானத்தில் ஒரு பங்கை வசதியில்லாத அணிகளுக்குக் கொடுக்கவேண்டும், சம்பளத்தை அளவுமீறிக் கொட்டினால் வரி கட்டவேண்டும் என்று தொழிலே மாறிப்போனது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமென்று கேட்காதே. ஆட்டம் பார்க்கமாட்டேன் என்றவர், அதைப்பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்லவில்லையே! கல்யாண வீட்டில் பேசினார், செத்த வீட்டில் பேசினார், பல் டொக்டரின் கதிரையில் வாயைத் திறந்தபடியும் பேசினார்.

போன மாதம் மகன் அபிஷன் வந்து, வீரர்களின் ஒப்பந்தம் மார்கழியில் முடிகிறது, மறுபடியும் ஆட்டம் நின்றாலும் நிற்கும் என்றான். அது நிற்கமுதல் ஒரு ஆட்டமாவது பார்ப்பதென்று அந்த இடத்திலேயே நான் தீர்மானித்துவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, நான் போறன். வாறதெண்டால் வாங்கோ, இல்லாட்டிச் சோறு சட்டிக்குள்ளை இருக்கு."

"உமக்கு அந்த விளையாட்டிலை என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதுக்குத்தான் போறன்."

சனிக்கிழமை நான் சப்பாத்துப் போட, இவரும் போட்டார். "நான் ஆட்டம் பாக்க வரேல்லை. நீர் சப்வேயிலை துலைஞ்சு போகாமல் இருக்க வாறன்" என்றார். முதலில் பிழையான பக்கத்து ரயிலில் ஏற்றியது அவர்தான். எங்கள் இருக்கைகளோ வானத்துக்குப் பக்கத்தில். கீழே பார்த்ததும் எனக்குத் தலை சுற்ற, எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் தலையைத்தான் பிடித்தேன். தொப்பி என் கையோடு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன கட்லட்டைக் கொடுத்தேன். பெயர் எட்வேட், சொந்த ஊர் மொன்றியல். முகத்துக்கு நேரே பேப்பரை விரித்துப் பிடித்திருந்த உன் அத்தான், காது கொடுக்க ஒரு ஆள் கிடைத்ததும் பேப்பரைத் தாழ்த்தித் தன் சபதக் கதையைத் தொடக்கினார்.

எட்வேட் கடைசிவரை கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் அணி திரும்பி வந்தது. எங்கள் அணி அந்த வருடம் எல்லாருக்கும் முன்னால் நின்றது. வேலைநிறுத்தம் முடிந்ததும் நல்ல வீரர்களை விட்டுவிட்டார்கள். பத்து வருடங்களில் அணியே அமெரிக்காவுக்குப் போய்விட்டது. கோபித்துக்கொண்டு போகாமல் இருக்கக்கூட எனக்கு ஒரு மைதானம் இல்லை."

வதனா, உன் அத்தான் என்ன செய்தார் தெரியுமா? பேப்பரை மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். கடைசிக் கட்லட்டை எட்வேட்டுக்குக் கொடுத்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார், ஆட்டம் முடியும்வரை பார்த்தார். நான் தொண்டை அடைக்கக் கத்தினேன். நாங்கள் வென்றோம்! படியில் இறங்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண்ணும் கலங்கியிருந்தது. நினைத்ததைச் சாதித்துவிட்டேன்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல் வாழ அக்காவின் ஆசீர்வாதம். மருமக்களுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
மங்கை அக்கா

பி.கு.: ஒட்டுவதற்கு முதல் இதை அபிஷனுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான். நாங்கள் வெல்லவில்லையாம், படுதோல்வியாம். எங்கட அணியின் பெயரிலேயே நீலம் இருக்கிறதென்று நீலச் சட்டைக்காரர் ஓடும்போதெல்லாம் நான் எழும்பி நின்று கத்தினேன். அன்றைக்கு எங்கட ஆட்கள் வெள்ளைச் சட்டையாம். "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று இவரைக் கேட்டேன். "இவ்வளவு வருசம் காத்திருந்து வந்தனீர். சிரிச்சுக்கொண்டு இருந்தீர். நான் ஏன் குழப்புவான்?" என்றார். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறோம்.