குழாய்க்கு ஐந்து நட்சத்திரம்

பொதுமக்களின் அலைச்சலைக் குறைக்கும் உன்னத நோக்கோடு, குடிநீர் அலுவலகம் தன் இணையதளத்தில் 'தோழன்' என்றொரு சாட்பாட்டை, அதாவது தானே பதில் சொல்லும் மென்பொருளை, அமர்த்திவிட்டுப் புகார் கவுன்ட்டரை மூடியது. பார்வையற்றோருக்கும் தோழன் பயன்படுகிறானா என்று மதிப்பீடு செய்ய, பார்வையில்லாத கணக்கு வாத்தியாரைத் தக்க மரியாதையோடு அழைத்தார்கள். வாத்தியாரும் குஷியாகப் புறப்பட்டார். அவர் வீட்டுக் குழாய் ஒரு வாரமாக வெறும் காற்றைத்தான் கக்கிக்கொண்டிருந்தது.

"தண்ணிக்கு ஒரு வழி பண்ணாம வாசப்படி மிதிக்காதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

அலுவலகக் கணினி, திரையிலிருந்ததை உரக்க வாசித்தது: "நீங்கள் மனிதர்தான் என நிரூபிக்க, குழாய் உள்ள படத்தைத் தொடவும். படம். படம். படம்."

"எதுல சார் குழாய் இருக்கு?"

அதிகாரி தானே எட்டித் தொட்டுவிட்டு உதவியாளரிடம் சொன்னார்: "எழுதிக்கோப்பா. பயனர் சிரமமின்றி உள்ளே நுழைந்தார்."

"தொட்டது நீங்கதானே?"

"தொட்டாருன்னு சொல்லலையே, நுழைஞ்சாருன்னுதானே சொன்னேன்!"

வாத்தியார் 'தண்ணீர் வரவில்லை' என்று தட்டினார். "மகிழ்ச்சி!" என்ற தோழன், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க யோசனைகளை அடுக்கினான்.

"வராத தண்ணிய எப்படி சார் சிக்கனம் பண்றது?"

"நீங்க ஒரு சொட்டுகூடச் செலவழிக்கலையே! எழுதிக்கோப்பா, ஆலோசனை உடனடியாக நடைமுறைக்கு வந்தது."

வாத்தியாருக்கு வந்ததே கோபம்! "தண்ணி வராம இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றார். சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிவிட்டது. பசி தாங்காத அதிகாரி மேசைத் தொலைபேசியை எடுத்து, வால்வு திறப்பவரிடம் நாலு வார்த்தை பேசினார்.

கொஞ்ச நேரத்தில் வாத்தியாரின் கைப்பேசி அடித்தது. "வந்துடுச்சுங்க! அந்தத் தோழன் கெட்டிக்காரன்தான்!" என்றாள் மனைவி.

"என் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்டான் தோழன். வாத்தியாருக்கு மனசு குளிர்ந்திருந்தது. வந்த தண்ணீரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று ஐந்தை அழுத்தினார்.

அந்த ஐந்தைக் காட்டி அலுவலகம் விருது வாங்கியது. எல்லாவற்றையும் தோழனே முடித்துவிடுவதால், மேசைத் தொலைபேசி தேவையற்றதெனக் கழற்றப்பட்டது.

அடுத்த மாதம் குழாய் மறுபடி காற்றைக் கக்கியது. வீட்டுக் கணினியில் மனைவி படத்தைத் தொட, வாத்தியார் புகாரைத் தட்டினார்.

"மகிழ்ச்சி!" என்றான் தோழன். "பார்வையற்ற கணக்கு வாத்தியார் ஒருவரே எனக்கு ஐந்து நட்சத்திரம் தந்து பாராட்டியிருக்கிறார்."

காலிக் குடத்தை நங்கென்று கீழே வைத்தாள் மனைவி. "எந்த வாத்தியாருங்க அது?"

வாத்தியார் மெல்லக் கணினியின் சத்தத்தைக் குறைத்தார்.