அப்பாவுக்கு நடுக்கம் போதவில்லை

பெற்ற அப்பாவுக்கு வியாதி போதாது என்று சொன்னதற்காக ஒரு டாக்டரோடு சண்டைக்குப் போன மகன் இந்தத் தர்மபுரி மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நியாயம் முழுக்க டாக்டர் பக்கம். தெரிந்தும் கத்தினேன். (நியாயம் என் பக்கம் இருந்தால் நான் அவ்வளவு கத்த மாட்டேன்.)

நான் மொரப்பூர்ப் பக்கம் மாடு வாங்கி விற்பவன். அப்பாவுக்கும் அதே தொழில்தான், கை நடுங்க ஆரம்பிக்கும் வரை. நடுக்குவாதம் என்றார்கள். மூளைக்குள் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறதாம். மாத்திரை போட்டால் சில மணி நேரம் நன்றாக நடப்பார். அதன் வேகம் இறங்கியதும் வலது கை தானாக ஆடும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், அள்ளிய சோறு பாதி வேட்டியில் விழும். அந்த நல்ல நேரமும் வரவரச் சுருங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி புது மருந்து கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தது. ஊசி கிடையாது, ஆபரேஷன் கிடையாது, வாயில் போட்டு விழுங்குகிற மாத்திரை. மூளை சாவதையே நிறுத்தப் பார்க்கிறார்களாம். அதைச் சோதிக்க நோயாளிகளைச் சேர்க்கிறார்கள். தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்து ஆள் எடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசி நாள். அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

கம்பெனிப் பெண் போனில் தெளிவாகத்தான் சொன்னார். "அன்னிக்குக் காலையில பழைய மாத்திரை குடுக்காம கூட்டிட்டு வாங்க சார். அது இல்லாம எப்படி இருக்காருன்னு டாக்டர் பார்க்கணும்."

எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை மாட்டுச் சந்தை. விற்கப் போகிற மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, வயிறு முட்டத் தண்ணி காட்டித்தான் ஓட்டிப் போவோம். நொண்டுகிற மாட்டை எவன் பிடிப்பான்? கட்டிலை விட்டு எழ முடியாதவரை எந்தக் கம்பெனி சேர்க்கும்? அப்பாவுக்குச் சவரம் செய்து, மீசைக்கு மை அடித்து, சலவை வேட்டி கட்டி, தூக்கிக் காரில் உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் மாத்திரையையும் கொடுத்தேன்.

"அவங்கதான் வேணாம்னாங்களே?" என்றாள் என் மனைவி சரசு.

"சந்தையப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? சும்மா இரு."

எங்கள் முறை வருவதற்குள் மாத்திரை பிடித்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். அப்பா மாப்பிள்ளை மாதிரி நடந்தார். விரல்களைத் தட்டச் சொன்னார். தாளம் போட்டுக் காட்டினார். நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

"காலையில மாத்திரை போட்டாரா?"

"இல்லைங்க சார்."

"மாத்திரை இல்லாமயே இவ்ளோ நல்லா இருக்காரா? அப்ப சேர்க்க முடியாதுங்க. எங்க சோதனைக்கு இந்த நடுக்கம் போதாது."

"போதாதா? வூட்டுக்கு வந்து பாருங்க சார்! தண்ணி குடிச்சா சட்டை நனையுது!"

"அதை நான் இங்க பார்க்கணுமே."

"அப்பா, நடுங்கிக் காட்டுங்க!"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா நடக்கச் சொல்லித்தானடா கூட்டியாந்த? இப்ப நடுங்குங்கற. எதுனா ஒண்ணு சொல்லு." அதோடு விட்டாரா? டாக்டர் பக்கம் திரும்பினார். "வாசல்ல வச்சு இவன்தான் மாத்திரை குடுத்தானுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் மேசையைத் தட்டினேன். நன்றாக இருக்கிறவனைத் தள்ளிவிட்டு, கெட்டுப் போனவனைச் சேர்க்கிற சந்தை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். டாக்டர் என் கைகளையே உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்கு இது எவ்வளவு நாளா இருக்கு?"

"எது?"

"கை நடுங்குதே."

"கோவங்க சார் அது!"

"அது இவனுக்குப் பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க," என்றார் அப்பா.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் பிழைத்தோம். "நாங்க சாயங்காலம் கிளம்பிடுவோம். அதுக்குள்ள மாத்திரை வேகம் இறங்கினா கூப்பிடுங்க, பார்க்கிறேன். இன்னொரு பொய் சொன்னீங்கன்னா அவ்வளவுதான்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மூன்று பேரும் அப்பாவின் வலது கையையே பார்த்தோம். தொடைமேல் கல் மாதிரிக் கிடந்தது. வருஷக்கணக்கில் ஓயாமல் ஆடிய கை, அன்றைக்கென்று பார்த்து நல்ல பிள்ளையாகிவிட்டது. வெயில் சாய்ந்தது. கம்பெனி ஆட்கள் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"வராதோ?" என்றார் அப்பா மெதுவாக. "திரும்ப ஒரு மாட்டுக் கயித்தப் புடிக்கலாம்னு பார்த்தேன்டா."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சரசுதான் என் தோளைத் தட்டினாள். அப்பாவின் கட்டைவிரல் லேசாகத் துடித்தது. பிறகு ஆள்காட்டி விரல். பிறகு மணிக்கட்டு வரை.

"வந்துருச்சு!" துள்ளி எழுந்தேன். "எங்கப்பாவுக்கு நடுக்கம் வந்துருச்சு!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எதிர் பெஞ்சில் ஒரு பெண், நடுங்கும் தன் அம்மாவின் கையைப் பிடித்தபடி என்னை முறைத்தாள். அப்படியே தரைக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. அப்பா மட்டும் ஆடுகிற கையைத் தூக்கிக் காட்டி, "ஆட்டம் நிக்கறதுக்குள்ள தூக்குடா என்னை," என்றார்.

சேர்த்துக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கும்போதுதான் சொன்னார்கள்: சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். "மாவுக்கா சார் இந்தப் பாடு?" என்று ஆரம்பித்தேன். சரசு என்னை வெளியே இழுத்து வந்தாள்.

அப்பா விழுங்குவது மருந்தா மாவா, இன்றுவரை தெரியாது. சோறு சில நாள் வாய்க்குப் போகிறது, சில நாள் வேட்டிக்குப் போகிறது. ஆனால் நான் வீட்டில் குரலை உயர்த்தினால் போதும், அவர் ஆடுகிற கையால் போனை எடுத்து மருமகளிடம் நீட்டுவார்.

"சரசு, அந்தக் கம்பெனிக்குப் போனப் போடும்மா. இவனுக்கு நடுக்கம் நல்லாவே போதும்னு சொல்லு."