இடது காதில் ஒரு கொசு

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, இரண்டு விமானங்கள் இறங்குவதற்காக ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தபோது, பிளேன்காரரின் இடது காதுக்குள் ஒரு கொசு புகுந்தது.

உண்மையில் கொசு இல்லை, கொசுவைப் போல ஒரு சத்தம். மெல்லியதாக, விடாமல் ரீங்காரம். ஹெட்போனைக் கழற்றினார், கேட்டது. திரும்ப மாட்டினார், அப்போதும் கேட்டது.

தெருவில் அவருக்குப் பெயரே பிளேன்காரர்தான். ஆனால் அவர் விமானம் ஓட்டுகிறவர் அல்ல. விமான நிலையக் கோபுரத்தின் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறையில் உட்கார்ந்து, எது இறங்கலாம், எது நிற்க வேண்டும் என்று விமானிகளுக்குச் சொல்கிறவர். சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரியா என்று இவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பத்தொன்பது வருஷமாகக் குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த இரண்டு காதுகள்தான்.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் வேலை பார்க்கும் நாலு பேருக்கும் காது பரிசோதனை. தேறாவிட்டால் கீழே கோப்பு அறை. அங்கே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை.

பக்கத்து நாற்காலி மீசைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார். "ஏங்க, ஏதாவது சத்தம் கேக்குதா?"

மீசைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "சத்தமா? எனக்கா? ஒண்ணும் கேக்கலையே. உங்களுக்குக் கேக்குதா?"

"சே, எனக்கென்ன கேக்கப்போகுது. சும்மா கேட்டேன்."

அத்தோடு பேச்சு முடிந்தது. கொசு முடியவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஃபிரிட்ஜை அணைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஏதாவது கேட்காது? காதுக்குள் என்னவோ முனகியது.

"உனக்கு ஏதாவது கேக்குதா?" என்றார் மனைவியிடம்.

"குழாய் ஒழுகுறது மூணு மாசமா கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கல."

"எனக்குக் காது போயிட்டா என்ன பண்ணுவே?"

"இருந்தப்போ மட்டும் நான் சொன்னதைக் கேட்டீங்களாக்கும்" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தாள். "உங்க ஆபீஸ் பெரியவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. அவரும் மனுஷர்தானே."

"சொன்னா கோப்பு அறைதான்."

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து இடது காதில் அடைத்துக்கொண்டார். கொசு பாதியானது. ஆனால் இடது பக்கம்தான் அறையின் மேலதிகாரியான பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, மூணு தடவை கூப்பிட்டுட்டேன்."

"யோசனையில இருந்துட்டேன் சார்."

"என்ன?"

"யோசனை, சார்."

"ஆங்" என்று பெரியவர் நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதியிருப்பார் என்ற கவலையில் பிளேன்காரருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை, பஞ்சுக்கு ஈடாக ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். விமானியின் குரல் அறை முழுக்க முழங்கியது.

"ஏன் தம்பி, கச்சேரி வச்சிருக்கியா?" என்றார் எதிர் நாற்காலி அக்கா. தலையோடு காதையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"உங்களுக்கு என்னக்கா ஆச்சு?"

"குளிர்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிறன்று கூரையில் புது ஏசி மாட்டியிருந்தார்கள். குளிரத்தான் செய்தது. வெறும் குளிரோடு தொல்லை நின்றுபோன அக்காவை நினைத்துப் பிளேன்காரருக்குப் பொறாமையாக இருந்தது.

அன்று மாலை பார்த்தால் பஞ்சு உருண்டை தீர்ந்திருந்தது. நான் ஒருத்தனா இத்தனையும் எடுத்தேன் என்று திகைத்தார். வியாழன் காலை பெட்டியைத் திறந்தபோது புது உருண்டை இருந்தது. யாரோ கவனித்துவிட்டார்கள். இருந்தும் கொஞ்சம் கிள்ளி எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஒரு சின்ன விமானம் ஓடுபாதையைக் கடக்கக் காத்திருந்தது. பெரிய விமானம் ஒன்று இறங்க வந்துகொண்டிருந்தது.

"கடக்க வேண்டாம், அங்கேயே நில்லுங்க" என்றார் சின்ன விமானத்திடம்.

விமானி திருப்பிச் சொன்னார். பாதி பஞ்சில் போயிற்று, மீதி கொசுவில் போயிற்று.

மறுபடி கேட்டார். இரண்டாவது முறையும் பிடிபடவில்லை. பெரியவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை கேட்டால் நோட்டில் ஏறிவிடும். காதில் விழுந்ததாக வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் பெரிய விமானத்தின் ஜன்னலோரம் யாராவது ஒரு குழந்தை, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆண்டவனே, நாற்காலி போனால் போகட்டும் என்று பஞ்சைப் பிடுங்கினார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"நிக்கிறேன் சார். அசையவே இல்ல" என்றார் விமானி பொறுமையாக.

பெரிய விமானம் பத்திரமாக இறங்கியது. பிளேன்காரரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இருக்கையை மீசைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பெரியவர் முன்னால் போய் நின்றார். உள்ளங்கையில் பஞ்சு.

"சார், திங்கக்கிழமையிலேருந்து இடது காதுல சத்தம் கேக்குது. மறைச்சுட்டேன். தப்புதான். என்னைக் கீழ அனுப்பிடுங்க."

பெரியவரின் முகம் வெளுத்தது. "சத்தமா? இங்கயா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே." மற்றவர்களைப் பார்த்தார்.

"எனக்கும் கேக்கல" என்றார் மீசைக்காரர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

"எனக்கும்தான்" என்றார் அக்கா, காதுத் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டு.

பெரியவர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். எழுத ஆரம்பிக்கவில்லை.

அதுவரை குனிந்து தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, பிளேன்காரரின் உள்ளங்கையைப் பார்த்தார். நால்வரையும் பார்த்தார்.

"பாவம், பத்தலையேன்னு நான்தான் புது உருண்டை வாங்கி வச்சேன்" என்றார். "அந்த ஏசி மாட்டின நாள்லேருந்து நாலு நாற்காலிக்கடியிலயும் நான் பெருக்கி அள்ளுறேனே, அந்தப் பஞ்செல்லாம் அப்போ யாரோடது சார்?"