ஸ்பைக் அடித்த மணி

வாசல் மணி "ணி..." என்று பாதி ஒலிப்பதற்குள் வீடு முழுக்க இருட்டானது.

"யாரும் கதவைத் திறக்காதீங்க. அது ஆளில்லை," என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார் விளக்கம்.

அவருக்கு நூலகத்தில் வேலை. மின்விசிறி ஏன் சுற்றுகிறது என்று கேட்டால், அது தேய்ந்து நிற்கும்வரை விளக்குவார். அங்கே வைத்த 'விளக்கம்' என்ற பட்டப்பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது.

முதல் முறை இப்படி ஆனபோது மனைவி தட்டுத்தடுமாறிப் போய், கால் கட்டைவிரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டு, வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தாள். வாசலில் ஈ காக்கை இல்லை. அன்றைக்கே விளக்கம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"குழாயைப் படக்குனு மூடினா உள்ளே டொக்குனு இடிக்குமில்ல? ஓடுற தண்ணிக்கு நிக்க மனசு வராது. ஃபிரிட்ஜ் மோட்டார் சுருள்ல ஓடுற கரண்டும் அப்படித்தான். ஃபியூஸ் போனதும் பாதை அறுந்துடுது. கரண்ட் முட்டி மோதி வோல்டேஜை எகிற வைக்குது. அதுதான் ஸ்பைக். போற போக்குல நம்ம மணியையும் தட்டிட்டுப் போகுது."

"ஸ்பைக் மணியைத் தட்டுது, சரி. வீடு வாங்க ஒருத்தராவது கதவைத் தட்ட வேணாமா? தினம் சாயங்காலம் ஆள் கூட்டிட்டு வர்றேன்னு சொன்ன தரகர் எட்டிக்கூடப் பார்க்கலையே," என்றாள் மனைவி.

வங்கியில் அவளுக்கு மாற்றல் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் வீடு விற்றால் எல்லோரும் சேர்ந்து போகலாம். இல்லையென்றால் அவள் மட்டும் போக வேண்டும். அவள் போய்விட்டால் யாருக்கு விளக்குவது என்பதுதான் அவருடைய கவலை.

"ஃபியூஸ் போற வீட்டை எவன் வாங்குவான்? முதல்ல இதைச் சரி பண்றேன்," என்றார்.

ஃபிரிட்ஜ் இணைப்பில் வேரிஸ்டர் ஒன்றைப் பொருத்தினார். சட்டைப் பொத்தான் அளவுச் சில்லு. அதை வீட்டோடு இருந்த மாமனாரிடம் காட்டினார்.

"மாமா, வோல்டேஜ் ஒழுங்கா இருக்கிறவரைக்கும் இது தூங்கும். எகிறினா முழிச்சுக்கிட்டு அத்தனையையும் தன் தலைல வாங்கிக்கும்."

"இந்த வீட்ல அந்த வேலையை நான்தானே பார்க்கிறேன் மாப்ள?" என்றார் மாமனார்.

மறுநாள் மாலையும் "ணி..." இருட்டு.

விளக்கம் அசரவில்லை. ஸ்பைக் போன்களையும் கொன்றுவிடும் என்று, பொழுது சாய்ந்ததும் எல்லோர் போனையும் அணைத்து அலமாரியில் பூட்டினார். பிறகு, மெதுவாக உருகும் ஃபியூஸ் ஒன்றை வாங்கி மாட்டினார்.

"குழாயை மெதுவா மூடினா இடிக்காது, பாரேன்."

அன்று "ணிங்... ணிங்... ணிங்" என்று மணி நிதானமாக அடித்த பிறகே இருட்டானது. கூடவே டக் டக்கென்று சத்தம்.

"கதவைத் தட்டுறாங்க," என்றாள் மனைவி.

"ஃபியூஸ் சூடு ஆறுற சத்தம்மா."

"'சார், சார்'னு கூப்பிடுதே?"

விளக்கம் ஒரு கணம் யோசித்தார். "மணியோட சுருள் ரேடியோ மாதிரி எதையோ இழுக்குது. யாரும் கதவைத் திறக்காதீங்க. அது ஆளில்லை."

வெளியே யாரோ ஓடுவது போலவும் கேட்டது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மாதக் கடைசி வந்தது. மனைவி ஒரே ஒரு பெட்டியை எடுத்துத் தன் துணிகளை மட்டும் அடுக்கினாள். அதைப் பார்த்தவர் நேரே ஃபியூஸ் பெட்டிக்குப் போனார்.

"ஃபியூஸ் போனாத்தானே ஸ்பைக்? இனிமே போகவே போகாது." விரல் மொத்தத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கி ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்தார்.

மாலை மணி அடித்தது. விளக்கு அணையவில்லை. விளக்கம் பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மணி நிற்காமல் அடித்துக்கொண்டே போனது, பிறகு முனகியது, பிறகு புகைந்தது.

"மணிதான்யா எரியுது!" மாமனார் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தார். புகை வெளியேறட்டும் என்று வாசல் கதவையும் அகலத் திறந்தார்.

படியில் தரகர் நின்றார். விரல் இன்னும் மணியின் பொத்தானில் இருந்தது. அவர் அழைத்துவந்த தம்பதி ஏற்கெனவே தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"தினம் ஒரு பார்ட்டியைக் கூட்டிட்டு வந்து இந்த மணியை அமுக்குறேன் சார், அமுக்கினதும் வீடே இருண்டுபோய், உள்ளேருந்து 'யாரும் கதவைத் திறக்காதீங்க, அது ஆளில்லை'ன்னு ஒரு குரல் வந்தா, இந்த வீட்டை எவன் சார் வாங்குவான்?"