நாலு புள்ளி ஒன்பது

"ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு!" என்று தலைமை ஆசிரியை மூன்றாவது முறையாகப் படித்தபோது, பூகோள டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துத் தாடையே வலித்தது.

ஆசிரியர் அறையில் எல்லோரும் கணக்கு டீச்சரின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். ஆசிரியர்கள் தங்கள் பாடங்களை ஏற்றவும், மற்ற ஆசிரியர்கள் அவற்றை இறக்கிக்கொள்ளவும் ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் கணக்கு டீச்சர் போட்டிருந்த 'இணையத்தில் நல்ல குடிமக்கள்' என்ற பாடத்தை அத்தனை பேர் இறக்கியிருந்தார்கள். மதிப்பெண் போட்ட முப்பது பேரும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள்.

"எல்லாம் அக்கா குடுத்த தைரியம்" என்று கணக்கு டீச்சர் பூகோள டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதுதான் இன்னும் எரிந்தது. பதினோரு வருஷமாக இருவருக்கும் ஒரே மேஜை. ஒருத்தி சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் மற்றவளுக்கு முதலில் தெரியும். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒன்பதாயிரம் பேருக்குச் சொந்தமாகிவிட்டாள்.

பூகோள டீச்சரும் அதே தளத்தில் ஒரு பாடம் போட்டிருந்தாள். தலைப்பு, 'தெரியாத இணைப்பைத் தொடாதே'. ஏழு முறை இறக்கப்பட்டிருந்தது. அதில் ஐந்து முறை இறக்கியவள் அவளே. ஒன்று கணக்கு டீச்சர். மிச்சம் ஒன்று அவள் கணவர், அதுவும் அவள் பின்னால் நின்று மிரட்டியதால்.

மதிய இடைவேளையில் நூலகத்தில் யாரும் இல்லை. அவள் மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'உண்மை விரும்பி' என்ற பெயரில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். மின்னஞ்சல் முகவரி கேட்டது. வாயில் வந்ததை அடித்தாள். பிறகு கணக்கு டீச்சரின் பாடத்தைத் திறந்தாள். 'முகத்தை மறைத்துக்கொண்டு பிறரைக் காயப்படுத்தாதீர்கள்' என்று மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்ததே அவள்தான்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தினாள்.

'உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம்...' என்று திரையில் நீளமாக ஏதோ வந்தது. மணி அடித்துவிட்டது. திருடியைப் போலப் பதறி, எல்லாவற்றையும் மூடிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

மறுநாள் காலை ஆசிரியர் அறை எழவு வீடு மாதிரி இருந்தது. கணக்கு டீச்சர் மேஜையில் தலை கவிழ்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"யாரோ ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்காங்கக்கா. அஞ்சா இருந்தது நாலு புள்ளி ஒன்பதா ஆயிடுச்சு."

பூகோள டீச்சருக்கு உள்ளே சில்லென்று ஒரு சுகம் பரவியது. அது சரியாக ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. கணக்கு டீச்சர் நிமிர்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன தப்புன்னு ஒரு வரி எழுதியிருந்தா திருத்திக்குவேன். ஒண்ணுமே எழுதலையே! நான் யாருக்கு என்னக்கா கெடுதல் பண்ணேன்?"

"விடு, யாராவது வேலையத்தவங்களா இருக்கும்" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு பூகோள டீச்சர் அவள் முதுகைத் தடவினாள். கணக்கு டீச்சர் அன்று மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை.

இதைச் சரிசெய்தாக வேண்டும். சாயங்காலம் வீட்டில் கணவரின் போனை எடுத்து, அவர் மின்னஞ்சலிலேயே இன்னொரு கணக்குத் தொடங்கினாள். ஐந்து நட்சத்திரம் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். குற்ற உணர்ச்சி விடவில்லை. 'இந்தப் பாடத்தை எழுதிய கைகளை முத்தமிட வேண்டும்' என்றும் எழுதினாள்.

உறுதி செய்தால்தான் நட்சத்திரம் ஏறும் என்று ஒரு கடிதம் அவர் போனுக்கு வந்தது. அவர் எது வந்தாலும் தொட்டுவிடுகிற மனிதர். இதையும் தொட்டார். பெயர், புகைப்படம் எல்லாவற்றோடும் அந்த முத்தம் தளத்தில் ஏறிவிட்டது.

"அக்கா" என்றாள் கணக்கு டீச்சர் மறுநாள், தயங்கித் தயங்கி. "உங்க வீட்டுக்காரர் என் கையை முத்தமிடணும்னு எழுதியிருக்கார்."

"அது... அவருக்கு இணைய ஒழுக்கம்னா உயிர்."

"அதுக்கில்லக்கா. இன்னும் நாலு புள்ளி ஒன்பதுதான் காட்டுது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் நாப்பத்தெட்டு பேர் அஞ்சு போட்டாத்தான் பழையபடி அஞ்சு ஆகும்."

வீட்டில் கணவர் குதித்தார். "நான் எப்போடி முத்தம் கேட்டேன்?"

"நீங்கதான் எழுதினீங்கன்னு ஒத்துக்குங்க. காரணம் கேக்காதீங்க."

"என்னன்னே தெரியாம எப்படி ஒத்துக்கறது?" என்று அவர் பாடத்தை இறக்கிப் படிக்க உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தவர், "பிரமாதமா இருக்கே!" என்றார். "உன்னோடது இருக்கே, அந்த இணைப்புப் பாடம், அதைப் படிக்கறப்போ எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு."

அன்று அவருக்கு இரவுச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

கணக்கு டீச்சர் சும்மா அழுதுகொண்டிருக்கிற ஆள் இல்லை. அந்த வார இறுதியில் உட்கார்ந்து, 'முகம் தெரியாத ஒருவர் நம்மைப் புண்படுத்தினால்' என்று இரண்டாவது பாடம் எழுதி ஏற்றினாள். நான்கே நாளில் இருபதாயிரம் பேர் இறக்கினார்கள்.

பூகோள டீச்சர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒளிந்து போட்ட ஒற்றை நட்சத்திரம். அதிலிருந்துகூட இவள் புகழ் பிழிந்துவிட்டாளே!

தலைமை ஆசிரியை சும்மா இருப்பாரா? "எல்லா வகுப்பிலயும் இந்தப் பாடத்தை நடத்தணும். ஏழாம் வகுப்புக்கு நீங்க" என்று பூகோள டீச்சரைக் காட்டினார்.

பாடத்தின் கடைசியில் ஒரு பயிற்சி இருந்தது. ஒற்றை நட்சத்திரம் போட்டவருக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும். முப்பத்தாறு கடிதங்கள் வந்தன. 'உங்களுக்குப் பல் வலியா?' என்று ஒருவன் விசாரித்திருந்தான். 'உங்கள் டீச்சர் உங்களைச் சரியாக வளர்க்கவில்லை' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கடைசி பெஞ்சுச் சிறுமி ஒருத்தி நாலே வரி எழுதியிருந்தாள்:

'உங்களுக்குப் பொறாமை என்று நினைக்கிறேன். எனக்கும் தம்பி பிறந்தபோது இருந்தது. அவனைக் கிள்ளிவிட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை.'

பூகோள டீச்சர் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மற்ற கடிதங்களுக்கு மதிப்பெண் போடும்போது எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கணக்கு டீச்சருக்குப் பாராட்டு. வாசகர் சார்பில் பேச, முத்தப் புகழ் பெற்ற கணவரையே தலைமை ஆசிரியை மேடைக்கு அழைத்துவிட்டார். அவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்தப் பாடத்தை நான் மூணு தடவை படிச்சேன்" என்று ஆரம்பித்தார் அவர். "என் மனைவியும் பாடம் எழுதறவதான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு மேல் பூகோள டீச்சரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மேடையேறி அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"அந்த ஒரு நட்சத்திரத்தைப் போட்டது நான்தான்."

முன்வரிசைப் பெற்றோர் எல்லோரும் திரும்பிக் கணக்கு டீச்சரைப் பார்த்தார்கள்.

"இவ நல்லா எழுதிட்டா. எனக்குப் பொறுக்கல. கூடவே உக்காந்து சாப்பிட்டுட்டு, நூலகத்துக்குப் போய் மறைஞ்சு நின்னு கிள்ளிட்டேன். என்னை மன்னிச்சிடு." மைக்கைக் கணவர் கையிலேயே திணித்தாள்.

கணக்கு டீச்சர் எழுந்தாள். மெதுவாக மேடைக்கு வந்தாள். பூகோள டீச்சர் அறை வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்கதானாக்கா?" என்று கட்டிக்கொண்டாள் அவள். "இத்தனை நாள் யாரோ ஒருத்தருக்கு என்னைப் பிடிக்கலைன்னு தூக்கமே இல்ல. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சண்டை போட்டுட்டு ஒழுங்கா சாப்பிட்டிருப்பேன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "இதையே மூணாவது பாடமா போட்டுடலாம்" என்றார் தலைமை ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு பேரும் சேர்ந்து எழுதுங்க. ரெண்டு பேர் பெயரும் வரட்டும்."

ரெண்டு பேர் பெயரும்! பூகோள டீச்சருக்குப் பத்து கிலோ குறைந்தாற்போல இருந்தது. பல நாள் கழித்து, தாடை வலிக்காமல் சிரித்தாள்.

கூட்டம் கலைந்தது. வெளியே நடையில் தண்ணீர்க் குழாய் அருகே அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, கணக்கு டீச்சரின் கணவர் வந்து நின்றார். கூட்டம் முழுக்க வாயே திறக்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"நீங்க எதுக்குப் பழியை ஏத்துக்கிட்டீங்கன்னு புரியலைங்க, ஆனா ரொம்ப நன்றி, ஆறு மாசமா அந்தப் பாடத்தைத் தவிர அவ வேற எதையும் திரும்பிப் பாக்கலைங்கிற கடுப்புல, என் மெயில்லேருந்து உறுதி பண்ணி அந்த ஒத்தை நட்சத்திரத்தைப் போட்டதே நான்தான்."