மீட்டருக்கு அப்பால் சோப்பு பாய்

ஆம்பூரில் எத்தனையோ பேர் தினமும் காலையில் சவர பிரஷ்ஷில் நுரை எடுக்கிறார்கள். அதைத் தன் முகத்தில் பூசாமல் இரும்புக் குழாய்க்குப் பூசியவர் சோப்பு பாய் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்றும் சொல்வேன், மறுப்பவர்கள் எழுதலாம்.

எங்கள் அடுக்குமாடியில் பதினாறு வீடுகள். என் வீடு இரண்டாம் மாடியில், முப்பத்து நான்கு படிகள் ஏறினால் வரும். ஒருநாள் காலை ஆறு பத்துக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். வெளியே அந்தரத்தில் ஒரு வெள்ளைத் தாடி. கையிலிருந்த டம்ளர் விழுந்தது.

“பயப்படாதீங்க சார். கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கேன். பைப்பு மூச்சு வுடுதான்னு பாக்குறேன்.”

“ஏணி போட்டு ஏறுறதுக்கு ஒரு நேரங்காலம் இல்லையா பாய்?”

“கேஸுக்கு நேரங்காலம் ஏது சார்?”

எரிவாயுக் குழாயைத்தான் சொன்னார். தெருவரைக்கும் கம்பெனிக்காரர்கள் குழாய் போட்டு வந்து, வாசலில் ஒரே ஒரு பெரிய மீட்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து பதினாறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாயை இழுத்தவர் கட்டடம் கட்டிய மேஸ்திரி. அந்தக் குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் பாய் சோப்பு நுரை பூசுவார். கசிந்தால் நுரை குமிழிவிடும். மூக்கு இருக்கும்போது நுரை எதற்கு என்று கேட்டேன். முப்பத்தொரு வருஷம் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை பார்த்து அவருடைய மூக்கு செத்துப்போயிருந்தது.

“அத்தரும் அழுகின முட்டையும் எனக்கு ஒண்ணுதான் சார்” என்றார் பெருமையாக.

மொத்தம் ஐம்பத்தேழு இணைப்புகள் என்று எண்ணி வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு என்றார் பாய். மறுபடி எண்ணினேன். ஐம்பத்தெட்டு. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய இடி அடுத்த வாரம் விழுந்தது. “இந்தப் பைப்பு யாருது சார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருவரும் கிளம்பினோம். மீட்டர் வரைக்கும்தான் எங்களுடையது என்றது கம்பெனி. என் சுவருக்குள் வருவது மட்டும்தான் என்னுடையது என்றார்கள் வீட்டுக்காரர்கள் பதினாறு பேரும், என்னையும் சேர்த்து. மேஸ்திரி போனை எடுக்கவே இல்லை. தண்ணீர்க் குழாய் என்றால் நாங்கள் பார்ப்போம் என்றார்கள் ஓர் அலுவலகத்தில். எரிந்தால் கூப்பிடுங்கள் என்றார்கள் இன்னோர் அலுவலகத்தில்.

“எரிஞ்சப்புறம் கூப்புட நாம இருக்கணுமே சார்?” என்று அங்கேயே கேட்டார் பாய். யாரும் சிரிக்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்று மீட்டர் நீளக் குழாய், உள்ளே எரிவாயு, வெளியே ஓர் அனாதைப் பிள்ளையின் நிலைமை.

பாய் அதைத் தத்தெடுத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் வாசலுக்குப் போய் முதன்மை வால்வை மூடிவிடுவார். அவருக்குச் சந்தேகம் வருவது ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு, ஒன்பது வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கும்போது. மூன்று ஞாயிறு இப்படி நடந்தது. மூன்று முறையும் கசிவு இல்லை.

மூன்றாம் மாடி எஸ்தர் டீச்சர் அரைவேக்காட்டு அரிசியைக் கரண்டியோடு கொண்டுவந்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினார். “பாருங்க பாய், இதைப் பாருங்க! எங்க வீட்டுக்கு வந்த விருந்தாளிங்க கல்லையா மெல்லுவாங்க?”

“உசுரோட மெல்றாங்கல்ல டீச்சர்? அது போதும்.”

அன்று மாலையே கூட்டம் போட்டு, பாயைக் காலி செய்யச் சொல்லி வேலூரில் இருக்கும் அவருடைய வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுத முடிவானது. செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுதினேன். எனக்கும் அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. ஐம்பத்தெட்டாவது இணைப்பு என் சமையலறை அலமாரிக்குப் பின்னால் இருந்தது. நகர்த்தச் சொல்லி ஏழு மாதமாக நச்சரித்தார். அலமாரியில் நாற்பத்து மூன்று டப்பாக்கள். யார் இறக்கி, யார் ஏற்றுவது?

கடிதம் போன நாலாம் நாள் காலை, பாய் என் வாசலில் நின்றார். தன் மூக்கு போனதால் தினமும் என் மூக்கைக் கடன் கேட்பது அவர் வழக்கம். “இன்னா சார், இன்னிக்கு வாசனை எப்டி?”

“டேனரி நாத்தம் ரொம்ப ஜாஸ்தி பாய். ஜன்னலைக்கூடச் சாத்திட்டேன்.”

ஆம்பூரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் எல்லோரும் செய்வது அதுதான். டேனரியைத் திட்டிவிட்டு ஜன்னலைச் சாத்துவோம். எரிவாயுவிலும் அதே நாற்றத்தைத்தான் கலந்து அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

பாயின் முகம் மாறியது. “சார், டேனரி மூணு நாளா மூடிக் கெடக்கு. என் தோஸ்துங்க எல்லாம் வீட்லதான் தூங்குறானுங்க.”

உள்ளே என் மனைவி லைட்டரை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

“அம்மா, லைட்டரைக் கீழ வைங்க. சுச்சுல கை வெக்காதீங்க. ஜன்னலைத் தொறந்துட்டு வெளிய வாங்க” என்றார் பாய், காய்கறி விலை சொல்வதுபோல. பிறகு அந்த வயதில் முப்பத்து நான்கு படிகளை எப்படி இறங்கினாரோ, வால்வு மூடும் சத்தம் கேட்டது. காற்று மாறியபின் அலமாரியை நகர்த்தினோம். டப்பாக்கள் உருண்டன, எண்ணவில்லை. குழாயில் மிச்சமிருந்த வாயுவுக்கே நுரை எலுமிச்சம்பழம் அளவுக்குக் குமிழிவிட்டது.

இணைப்பைச் சரிசெய்து சோதித்தாயிற்று. ஆனால் மீட்டருக்கு அப்பாலுள்ள பொதுக் குழாய்க்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும்வரை வால்வைத் திறக்கவிடமாட்டோம் என்றது கசிவைக் கேள்விப்பட்டு வந்த கம்பெனி. பாய் பேனாவை எடுத்தார்.

“நீங்க வீட்டு ஓனரா?” என்றார் கம்பெனி ஊழியர்.

“வாடகை.”

“அப்ப செல்லாது பெரியவரே.”

சொந்த வீடுள்ள பதினாறு பேருக்கும் அன்று திடீரென்று வேலை வந்துவிட்டது. ஐந்து நாள் ஓட்டல் பொட்டலம். ஐந்தாம் நாள் பாய் வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டி முடித்திருந்தார்.

“இன்னா பாய் இது?”

“ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார் சார். ஜோலார்பேட்டைல பொண்ணு வீடு இருக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உங்க லெட்டரு ரொம்ப நல்லா இருந்துச்சாம். ஒரு தப்புகூட இல்லியாம்.”

அதில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. உண்மையாகவே பாராட்டினார்.

அவர் போன மறுநாள் கம்பெனிப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு பஸ் பிடித்து வேலூர் போனேன். “அந்த லெட்டரை எழுதினதே நீங்கதானே சார்?” என்று வீட்டு உரிமையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான்தான் என்றேன். அது முழுக்கத் தப்பு என்றேன். ஒருவழியாகச் சம்மதித்தார். அவர் வாசலிலேயே நின்று ஜோலார்பேட்டைக்குப் போன் போட்டேன்.

“சார், கேஸ் வந்துடுச்சா?” என்றார் பாய்.

“வந்துடுச்சு. நீங்க எந்த வண்டில வர்றீங்க? அதைச் சொல்லுங்க. நான் ஸ்டேஷனுக்கு வர்றேன்.”

“மூட்டை ரெண்டுதான் சார். நானே வந்துடுவேன். உங்களுக்கு எதுக்குப் பேஜாரு?”

அவர் வந்த வண்டி ஆம்பூருக்கு ஒரு மணி இருபது நிமிடம் தாமதமாக வந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை.