நூற்று எழுபத்து மூன்று ஸ்னாப்ஷாட்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம், அம்மா நலம். உன் சைக்கிள் அவ்வளவு நலமில்லை. அதைப் பற்றி அம்மா தனியாக எழுதுவாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டுடியோவில் நான் முதலில் பார்த்தது ஒரு சின்னப் பூஜ்யம். பட்டமளிப்பு விழாப் படம் ஒன்றைச் சேமித்தேன், பெயருக்குப் பக்கத்தில் அளவு 0 என்று நின்றது. கடைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு புரோகிராமாக ஓடும்படி நீ வைத்துவிட்டுப் போன லினக்ஸ் கம்ப்யூட்டரில், படம் திருத்துவதற்கென்று நீ ஒதுக்கிய நாற்பது ஜிபியும் நிரம்பிவிட்டது. முதலாளியம்மா பின்னறைக்குள் தலையை நீட்டி, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்காந்திருக்க? நாலு மணிக்கு நூத்தியிருபது படமும் பிரிண்ட் போயாகணும். முடியலேன்னா சொல்லு, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரையே வேலைக்கு வச்சுக்கறேன், நீ முன்னாடி கவுண்டருக்கு வந்துடு" என்றார். கவுண்டர், அண்ணா! முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்கச் சொல்ல வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள் என்றுதானே நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்!

வெளியே கடைக் கம்ப்யூட்டரிலிருந்து, உள்ளே இருப்பதன் டிஸ்க்கை நூறு ஜிபியாகக் கூட்டப் பார்த்தேன். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை கூட்ட முடியாது என்றது. எதைத் தொடுவதற்கு முன்னாலும் கம்ப்யூட்டரின் அப்போதைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வை, கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று நீதானே சொன்னாய்? நான் தினமும் மவுஸைத் தொடுவதற்கு முன்னால் எடுத்திருக்கிறேன். நூற்று எழுபத்து மூன்று! எல்லாப் படங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக நீக்கி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போச்சு. அப்புறம் நூறு ஜிபி ஆக்கித் திறந்தா, உள்ளே அதே நாற்பதுதான், அதே நிரம்பலுதான். அழுகையே வந்துடுச்சு. பிறகுதான் புரிஞ்சுது, வீட்டுக்கு வெளியே மதிலைத் தள்ளிக் கட்டிட்டேன், உள்ளே அறைச் சுவர் இருந்த இடத்துலயே இருக்கு. அந்தச் சுவரான பார்ட்டிஷனை இழுக்கணும், அப்புறம் உள்ளே படங்களை அடுக்கி வைக்கிற ஃபைல் சிஸ்டத்தையும் இழுக்கணும்.

பார்ட்டிஷனை இழுத்து முடித்த நேரம் பார்த்து ரிப்பேர்காரர் வந்தார். "இதெல்லாம் எதுக்கும்மா, மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்" என்று கீபோர்டுக்குக் கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த டீ தளும்பியது. விட்டேனா, மதில், சுவர், ஸ்னாப்ஷாட் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "நீயே பாத்துக்க தாயே" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஃபைல் சிஸ்டத்தை இழுக்கும் கடைசிக் கட்டளையைத் தட்டினேன். காலியிடம் ஐம்பத்தெட்டு ஜிபி! மூன்றே முக்காலுக்குக் கடைசிப் படமும் பிரிண்ட் ஆனது. இனி என்னைப் பின்னறையிலிருந்து யாரும் அசைக்க முடியாது.

வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை

பி.கு: உறையை ஒட்டும்போது முதலாளியம்மா வந்தார். "ரிப்பேர்காரர் சொல்றார், நீ செஞ்ச வேலைக்கு அந்த மிஷினை ரொம்ப நாளைக்கு யாரும் பாக்கவே வேணாமாம். அதோட, நீ போட்ட சத்தத்துல என்னமோ ஏதோன்னு தெருவுல போன ரெண்டு பேர் உள்ள வந்து, வந்ததுக்குப் படமும் எடுத்துக்கிட்டுப் போனாங்க. இப்படியொரு குரலைப் பின்னால பூட்டி வச்சிருந்திருக்கேனே! நாளையிலேருந்து கவுண்டர்" என்றார். நான் முன்னால் போய், அங்கிருந்த உயரமான நாற்காலியை என் உயரத்துக்கு இறக்கிவைத்தேன்.